புகைக்குழாய் பிடித்த கை

பிற்பகல் மணி இரண்டு பத்து. சேந்தமங்கலத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று, மகளின் காலுக்கு வாங்கிய கட்டுத் துணிப் பொட்டலங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. மலையில் இருந்து என் மனைவி சரசு.

“ஏனுங்க, எங்க இருக்கறீங்க? மழை கட்டிக்கிட்டு வருதுன்னு எல்லாரும் சாமை அள்ளக் களத்துக்கு ஓடியாந்தமுங்க. திரும்பிப் பாத்தா இவளும் வந்து நிக்கறா. கால்ல போட்ட கட்டை அவுத்து வெச்சுட்டு வெறுங்கால்ல கதிர் சுமக்கறா. சொன்னாக் கேக்க மாட்டேங்கறா. பாறையெல்லாம் ரத்தம்…”

அத்தோடு அறுந்துவிட்டது. திருப்பித் திருப்பி அழைத்தேன். எங்கள் ஊரில் அந்தக் களத்துப் பாறை மேல் மட்டுந்தான் சிக்னல் கிடைக்கும். மழை விழுந்து அவர்கள் பாறையை விட்டு இறங்கியிருப்பார்கள். அழைப்பு போகவே இல்லை. எங்கள் மலையூர் இருக்கும் வளப்பூர் நாட்டுக்குப் போகிற பஸ் கிளம்புவதற்கு ஹாரன் அடித்தது. மீதிச் சில்லறையை வாங்காமலே ஓடி ஏறினேன்.

என் மகள் மலர்விழிக்கு உள்ளங்காலில் லேசர் வைத்து மரு எடுத்து அன்று பன்னிரண்டாவது நாள். காவலர் தேர்வில் எழுத்துப் பரீட்சையை முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது நானூறு மீட்டர் ஓட்டம். அதற்கு இருபத்து நான்கு நாள் இருந்தது. போன முறையும் எழுத்தில் தேறி, ஓட்டத்தில் கடைசி வளைவில் காலை நொண்டித் தோற்றவள் அவள். இந்த முறையும் அந்தக் கால் ஏமாற்றினால் மூன்றாவது முறை எழுதப் போவதில்லை என்று அவளே சொல்லியிருந்தாள்.

இதை எழுதச் சொன்னவர்கள் நான் வேலை பார்த்த தோல் மருத்துவமனையின் இளம் செவிலியர்கள். நாமக்கல் பக்கம் அந்த மருத்துவமனை. அங்கே இப்போது புதிய லேசர் கருவி வந்திருக்கிறது. அது தோலைச் சுடுவதில்லையாம். மருவுக்கு ரத்தம் கொண்டுபோகிற நுண்குழாய்களை மட்டும் அடைத்துவிடுமாம். “புகையே வரலீங்கண்ணா. உங்களுக்கு வேலையே இல்லாமப் போச்சு. பழைய மெஷின்ல எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்க” என்றார்கள். வேலை இல்லாமல் போனதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. புகை இல்லாத லேசர்! அன்றைக்கே அது வந்திருக்கக் கூடாதா என்று மட்டுந்தான் நினைத்தேன்.

நான் மலையில் பிறந்தவன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு செவிலிய உதவியாளர் படிப்பு, இரண்டு வருடம் பொது வார்டு, பிறகு அந்தத் தோல் மருத்துவமனை. நான் சேர்ந்தபோது மருவுக்கு அமிலம் தொட்டு வைப்பார்கள், அல்லது மின்சூட்டுக் கோல். அப்புறந்தான் லேசர் வந்தது. அது வந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை அந்த அறையில் என் வேலை ஒன்றுதான். புகைக்குழாய் பிடிப்பது.

சாதாரண வேலை என்று சிரிக்க வேண்டாம். மருவை லேசர் சுடும்போது கிளம்புகிற புகையில் மருவின் கிருமியும் இருக்கும். மூச்சில் போனால் தொண்டையிலேயே மரு முளைக்கலாம் என்று மேடம் சொல்வார். உறிஞ்சுகிற குழாயின் வாய் காயத்துக்கு ஒரு விரற்கடைக்குள் இருக்க வேண்டும். ஒளிக்கற்றைக்குக் குறுக்கே போய்விடக் கூடாது. மேடத்தின் கை நகர நகர என் கையும் நகர வேண்டும். ஒரே ஏரில் பூட்டிய இரண்டு மாடு மாதிரி.

மேடம் என்று நான் சொல்வது எங்கள் தலைமை மருத்துவரை. பேச்சுக் குறைவு. நோயாளி உள்ளே வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். யாராவது “கால் ஆணிங்க டாக்டர்” என்றால் “ம்” என்பார். மரு என்று சொன்னாலும் அதே “ம்” தான். நடுவில் கட்டைவிரலால் அழுத்துவார். அழுத்தினால் வலித்தால் ஆணி. அப்புறம் இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளுவார். கிள்ளினால் துள்ளினால் மரு. பிறகு மேல்தோலைச் சீவிப் பார்ப்பார். ஆணி என்றால் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். மரு என்றால் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் தெரியும், துளித்துளியாக ரத்தம் கசியும். “நோயாளி கொண்டு வர்ற பேரை வாசல்லயே விட்டுடணும்” என்பார்.

லேசரை இயக்கும் முன் அவர் கேட்பார், நாங்கள் சொல்ல வேண்டும்.

“கண்ணாடி?”

“போட்டாச்சுங்க மேடம்.”

“துணி?”

“ஈரமா இருக்குதுங்க.”

“புகை?”

“ஓடுதுங்க.”

“நோயாளி பேரு?”

அந்தப் பேரையும் நாங்கள்தான் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் கையைக் கீழே வைத்துவிடுவார். பேர் தெரியாத காலை அவர் சுட மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் பெடலை மிதிப்பார். ஒரு காலத்தில் மின்சூட்டுக் கோலின் பெடலும் லேசர் பெடலும் மேஜைக்கடியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒருநாள் வெளியில் இருந்து வந்த மருத்துவர் ஒருவர் பூட்ஸ் காலால் மாற்றி மிதித்துவிட்டார். நல்ல காலம், கோல் தாங்கியில் இருந்தது, துணி மட்டும் பொசுங்கியது. அன்று மாலையே மேடம் ஒரு பெடலை அறையை விட்டு வெளியேற்றினார். தானும் செருப்பை விட்டார். “செருப்புக் காலுக்கு எதை மிதிக்கறோம்னு தெரியாது ராசு” என்றார். மலைக்காரனான எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவரும் எங்கள் ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் அவருடைய முழுத் திறமையும். ஒரு அடுக்கு சுடுவார், நான் ஈரத் துணியால் கரியைத் துடைப்பேன், குனிந்து பார்ப்பார். மறுபடி ஒரு அடுக்கு. தோலின் ரேகைகள் ஒழுங்காகத் தெரிகிற இடம் வந்ததும் காலைப் பெடலில் இருந்து தூக்கிவிடுவார். கொஞ்சம் முன்னால் நிறுத்தினால் மரு திரும்ப வரும். கொஞ்சம் தாண்டிப் போனால் தழும்பு விழுந்து வாழ்நாள் முழுக்கக் கல்லை மிதித்த மாதிரி வலிக்கும்.

இத்தனையும் தெரிந்த நான் என் வீட்டில் என்ன செய்தேன் என்பதை இப்போது சொல்லியாக வேண்டும்.

மலர் ஓட்டப் பயிற்சி தொடங்கியபோது காலில் ஏதோ குத்துகிறது என்றாள். “புது ஷூ கடிச்சிருக்கும் சாமி, ஆணிதான்” என்றேன். அழுத்திப் பார்க்கவில்லை, கிள்ளிப் பார்க்கவில்லை. என் குதிகாலிலும் பல வருடமாக ஒரு ஆணி உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் வெந்நீரில் காலை ஊற வைத்துப் பிளேடால் சீவிக்கொள்வது என் வழக்கம். “வா கண்ணு, உனக்கும் சீவி விடறேன்” என்று அதே பிளேடால் அவளுக்கும் சீவிவிட்டேன். ஒன்றரை வருடம். வாராவாரம்.

போன முறை அவள் ஓட்டத்தில் தோற்றதும் அந்தக் காலால்தான்.

ஒருநாள் மலையில் இருந்து எனக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தாள். நடைபாதையில் அவள் நடப்பதை மேடம் பார்த்துவிட்டார்.

“யார் அந்தப் பொண்ணு?”

“என்ற மகளுங்க மேடம். கால்ல ஆணிங்க.”

“யார் சொன்னா?”

“நான்தானுங்க.”

“ம்.”

உள்ளே உட்கார வைத்தார். அழுத்தினார், மலர் பேசாமல் இருந்தாள். பக்கவாட்டில் கிள்ளினார். “அம்மா!” என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். சீவினார். கறுப்புப் புள்ளிகள். ஒன்றில்லை, ஒரு கூட்டமே இருந்தது. பாதத்தின் முன்பக்கம், ஓடும்போது ஊன்றுகிற இடம் பூராவும்.

“ராசு, இது என்ன?”

செவிலியர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். “மருங்க மேடம்” என்றேன்.

“நீ என்ன செஞ்ச?”

“பிளேடுல சீவி விட்டனுங்க.”

“எந்தப் பிளேடு?”

குதிகாலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் கண்ணை என் செருப்புக்கு இறக்கினார். “உன் காலைக் காட்டு.”

“எனக்கு ஆணிதானுங்க மேடம், அது பழசுங்க” என்று சொல்லி நழுவிவிட்டேன். அதற்கும் ஒரு “ம்”. மகளுக்கு அதைக் கொடுத்தது என் கால்தானோ என்கிற எண்ணம் அன்றுதான் முளைத்தது. இன்னும் போகவில்லை.

நான் ஓய்வு பெற நான்கு நாள் இருந்தபோது மலருக்கு லேசர். சொந்தக்காரர் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது மேடத்தின் சட்டம். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த விளக்கை வெளியில் இருந்து நான் பார்த்ததே இல்லை! கணுக்காலின் உள்பக்கம் மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள், இப்போது சீவுகிறார்கள் என்று எல்லாம் சத்தத்திலேயே தெரிந்தது. கேள்விகள் தொடங்கின. “புகை?” என்றபோது கதவுக்கு வெளியே நின்று “ஓடுதுங்க” என்று நானும் சொல்லிவிட்டேன். வரிசையில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியாக உள்ளே யாரோ “மலர்விழி” என்றார்கள்.

லேசர் பாயும்போது கருவி விட்டு விட்டுக் கூவும். எண்ணினேன். ஒரு அடுக்கு, துடைப்பு. இரண்டு. மூன்று. வழக்கமாக நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. நிறுத்துங்க மேடம், நிறுத்துங்க என்று மனதுக்குள் கத்தினேன். நின்றது. மேடம் வெளியே வந்து, “ஆழமா இருந்தது. தாண்டலை. நாலு வாரம் மண்ணு படக் கூடாது, ஊனக் கூடாது. அப்புறம் ஓடட்டும்” என்றார்.

மண் படக் கூடாது. அதைத்தான் பஸ்ஸில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போனேன். வெள்ளை மழை. கொண்டை ஊசி வளைவுகளில் தண்ணீர் ரோட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. எங்கள் ஊருக்கு இரண்டு மைல் முன்னால் பஸ் நின்றுவிட்டது. சில்வர் ஓக் மரம் ஒன்று ரோட்டில் படுத்திருந்தது. “இனி இன்னிக்கு வண்டி நகராதுங்க, காலையிலதான் வந்து அறுப்பாங்க” என்றார் நடத்துனர். பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மரத்தின் மேல் ஏறிக் குதித்து ஓடினேன். ஐம்பத்தைந்து வயதில் ஓடினேன். மகளின் நானூறு மீட்டரை அன்று நான் பலமுறை ஓடியிருப்பேன்.

வீட்டில் மலர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் என் அண்ணன் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தார். ஊர்க் களத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

“செருப்போட களத்துல ஏறக் கூடாதுன்னு நாந்தான் சத்தம் போட்டேன் ராசு. தானியம் கெடக்கற எடமில்ல? கால்ல கட்டு இருந்தது அந்த அவசரத்துல என்ற கண்ணுல படலடா. புள்ளையும் ஒரு வார்த்தை சொல்லல. செருப்போட சேத்துக் கட்டையும் அவுத்து வெச்சுட்டு ஏறிருச்சு.”

“கட்டுக்கு மேல பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தனுங்கப்பா. அதும் செருப்பு மாதிரிதானேன்னு…” என்றாள் மலர். “பெரியப்பாவோட சாமை பூராவும் நனைஞ்சிருமுங்கப்பா.”

“உன்ற கால் நனைஞ்சா பரவால்லையா?” என்று கத்திவிட்டேன். கத்தியது அவளை இல்லை, என்னை.

காலில் சுற்றியிருந்த துணியை எடுத்துப் பார்த்தேன். காயத்தின் ஓரம் கிழிந்திருந்தது. அதைவிட மோசம், இளஞ்சிவப்புச் சதைக்குள் சாமையின் உமிச் சொங்கும் மண்ணும் குத்தி நின்றன. மலையின் பெரிய ஊரான செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு மரம் அறுத்த பிறகுதான் போக முடியும். அதுவரை இதை உள்ளே விட்டால் சீழ் பிடிக்கும். நானோ ஆயுள் முழுக்கக் குழாய் பிடித்தவன். ஒரு காயத்துக்குள் இடுக்கி விட்டதில்லை.

மேடத்தைக் கேட்க வேண்டும். அதற்குச் சிக்னல் கிடைக்கிற களத்துப் பாறைக்குப் போக வேண்டும். மழை நின்றிருந்தது, வெளிச்சம் இன்னும் அரைமணி நேரம் இருக்கும். மலரை நானும் சரசுவும் தூக்கிக்கொண்டு போனோம். களத்து விளிம்பில் வழக்கம்போல் என் கால் தானாகச் செருப்பை உதறியது.

“போட்டுக்கிட்டே வாடா” என்றார் அண்ணன். “அவளுக்கும் மாட்டி விடு. நான் சொல்றேன், ஏறுங்க.” சொல்லிவிட்டுத் தன் தார்ப்பாயைப் பாறையில் விரித்தார். எங்கள் களத்தில் செருப்புக் கால் ஏறியது என் அறிவுக்கு அதுதான் முதல் தடவை.

வீடியோவில் அழைத்தேன், மேடம் முதல் மணியிலேயே எடுத்தார். சரசு கைப்பேசியைக் காயத்துக்கு நேராகப் பிடித்தாள். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர், சுடுதண்ணீரில் வேகவைத்த இடுக்கி, புதிய துணி எல்லாம் அண்ணன் கையில் தட்டில்.

“கை கழுவினியா?”

“கழுவினனுங்க மேடம்.”

“கண்ணாடி?”

மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டேன். “போட்டாச்சுங்க.”

“துணி?”

“ஈரமா இருக்குதுங்க.”

அடுத்து “புகை” என்று வர வேண்டும். மேடம் ஒரு நொடி நிறுத்தினார். “நோயாளி பேரு?”

எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் அந்த இடத்தில் யார் யாரோ பேரை. இப்போது நான் மலரின் முகத்தைப் பார்த்தேன். மலரே சொன்னாள்: “மலர்விழிங்க மேடம்.”

“உன்னைக் கேக்கலை. ராசு?”

“மலர்விழிங்க மேடம்.”

“ஆரம்பி. முதல்ல தண்ணியை ஊத்து, ஓடி வர்றது தானா வரட்டும். தோண்டாதே. கண்ணுக்குத் தெரியறதை மட்டும் எடு.”

ஒன்று, இரண்டு, மூன்று. சாமைச் சொங்கு நூல்போல மெலிது. ஒவ்வொன்றையும் எடுத்து அண்ணனின் தட்டில் வைத்தேன். மலர் என் தோள் துணியைப் பல்லில் கடித்திருந்தாள். “பெரியப்பா, ஒரு படி தேறுமுங்களா?” என்று நடுவில் கேட்டாள். அண்ணன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தட்டை ஆட்டிவிட்டார். “ஆட்டாதீங்கண்ணா!” என்று அதட்டினேன். மேடம் என்னை அதட்டுகிற அதே குரல்!

கடைசியாக ஒரு மண்துகள் ஆழத்தில் தெரிந்தது. இடுக்கியைக் கொண்டு போனேன்.

“நிறுத்து” என்றார் மேடம். “அதை விடு. அது தானா மேல வரும். எங்க நிறுத்தணும்னு தெரியணும்.”

நிறுத்தினேன். களிம்பு தடவிக் கட்டினேன். மேடம் சொன்னார், “காலையில செம்மேட்டுக்குப் போய் ஊசி போட்டுக்கங்க. நாளைக்குச் சாயந்தரம் இதே பாறைக்கு வா, பாக்கறேன். உன் கை நல்லா இருக்கு ராசு. உன் காலைத்தான் இன்னும் பாக்கலை.”

அந்த வாரம் முழுக்கத் தினமும் மாலை நாங்கள் பாறையில் ஏறினோம். இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, கால் சற்று வீங்கியது. என் உயிர் என்னிடத்தில் இல்லை. நான்காம் நாள் வீக்கம் வற்றியது. ஆறாம் நாள் அந்த மண்துகள் கட்டுத் துணியோடு தானாக வந்துவிட்டது. ஓட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால் தோல் மூடியது. மேடம் நேரில் பார்த்து ரேகைகளை விரலால் தடவினார். “தழும்பு இல்லை. இரண்டு காலுறை போட்டு ஓடட்டும்” என்றார். பயிற்சியே இல்லாமல் எப்படி ஓடுவாள் என்று நான் கேட்கவில்லை. மலரும் கேட்கவில்லை.

ஓட்டத்தன்று நான் போகவில்லை. போனால் என் பயம் அவள் காலில் ஏறிவிடும் என்று சரசு தடுத்துவிட்டாள். செம்மேட்டு பஸ் நிலையத்தில் காலை முதல் உட்கார்ந்திருந்தேன். அன்று சந்தை நாள். பலாப்பழமும் மிளகுச் சாக்கும் இறங்கின, ஏறின. வந்த பஸ் ஒவ்வொன்றிலும் இறங்கியவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி.

மாலை பஸ்ஸில் முன்படியில் ஒரு ஜோடி ஷூ இறங்கியது. இடது கால் ஊன்றியது. மரு எடுத்த வலது கால் ஊன்றியது. முன்பாதம் முழுதாகத் தரையில் பதிந்தது. நொண்டவில்லை! அப்புறந்தான் முகத்தைப் பார்த்தேன். மலர் ஓடி வரவில்லை, மெதுவாக நடந்து வந்து என் முன்னால் குனிந்தாள்.

“என்ற கால் தேறிருச்சுங்கப்பா, ஓட்டத்துலயும் தேறிருச்சு. வர்ற வழியில மேடத்துகிட்டக் காட்டிட்டுத்தான் வாரேன். வெள்ளிக்கெழமை உங்க காலைப் பாத்து லேசர் வெக்கப் படுக்கை போட்டு வெச்சிருக்காங்க. புகைக்குழாய் நான் புடிக்கட்டுமான்னு கேட்டேன், சொந்தக்காரங்க வெளியன்னுட்டாங்க” என்றாள். பிறகு என் பாதத்தைத் தட்டி, “செருப்பைக் கழட்டுங்க, பாக்கலாம்” என்றாள்.